மடு மண்ணும் பனி விட்டுப்போன மண்ணும்

கட்டுநாயக்காவில் விமானம் ஏறுமுன் ஓர் அட்டை நிரப்ப வேண்டும். பெயர், ஊர், கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் நானே எழுதினேன். 'தொழில்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்து, "வீட்டுப்பணி எண்டு போடுங்கோ அக்கா, எல்லாரும் அதைத்தான் போடுறவை" என்றாள். அப்படியே போட்டேன். பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மையும் இல்லை.

நான் பதினாறு வருடம் மண் அரித்தவள். அருவியாற்று மணலை லொறியில் கொண்டுவந்து மன்னாரில் கொட்டுவார்கள். மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்து, அதைச் சரித்து நிறுத்தி, மண்வெட்டியால் மண்ணை அள்ளி அதன்மேல் எறிய வேண்டும். நல்ல மண் வலைக்கு அந்தப் பக்கம் விழும். கல்லும் வேரும் சிப்பியும் நம்முடைய காலடிக்கு உருண்டு வரும். கடலுக்குப் போன என் கணவர் திரும்பி வராத வருடத்தில் தொடங்கிய வேலை. என் ஒரே மகள் ரெஜினா சாப்பிட்டது, படித்தது எல்லாம் அந்தக் கூலியில்தான். பதின்மூன்று வயதில் அவளை என் அண்ணனோடு ஜெர்மனிக்கு அனுப்பியபோது புத்திமதி என்று ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "அம்மா மண் அரிக்கிறவ எண்டு அங்க ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். வேலையும் படிப்புமாக மூன்று வருடம் பழகும் ஒரு பயிற்சி, அவுஸ்பில்டுங் என்பார்கள். அது முடியப் போகிறது, ஆய்வுகூடத்தில் வேலை என்று எழுதியிருந்தாள். ஆய்வுகூடம் என்றால் ரத்தம் சோதிக்கிற இடம்தானே. கோயிலில் எல்லோருக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். ஓர் அக்கா தன்னுடைய சீனி வருத்தத்துக்கு மருந்து கேட்டுவரச் சொல்லி ஒரு துண்டில் எழுதியும் தந்தா.

பையில் கருவாடு, பனங்கிழங்கு ஒடியல் மா, மிளகாய்த்தூள். இவற்றுக்கு நடுவே சேலையில் சுற்றி ஒரு சின்னப் போத்தல் மடு மண். மடுமாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த வளவு மண்ணைக் கொஞ்சம் அள்ளி வருவது எங்கள் வழக்கம். பாம்பு கடித்தாலும் காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் முதலில் தேடுவோம். புது வீட்டு அத்திவாரத்திலும் ஒரு பிடி போடுவோம். போரில் இடம்பெயர்ந்து மடுவிலேயே இருந்த காலத்தில் நான் என் கையால் அள்ளியது அது.

டுசல்டோர்ஃப் விமானநிலையத்தில் ஓர் அதிகாரி பையைத் திறந்தார். கருவாட்டு மணம் முகத்தில் அடித்ததும் ஓர் அடி பின்னால் போனார். போத்தலைத் தூக்கி ஏதோ கேட்டார். எனக்கு அவருடைய மொழி தெரியாது. சிலுவை அடையாளம் போட்டுக் காட்டினேன். கருவாட்டையும் மாதாவையும் சேர்த்து மூடி, போ என்று கையைக் காட்டிவிட்டார்.

வெளியே ரெஜினா நின்றாள். என்னைவிட ஒரு சாண் உயரம். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அவளுடைய கையைப் பிடித்தேன். உள்ளங்கையில் காய்ப்பு. ரத்தம் சோதிக்கிற கைக்கு ஏன் காய்ப்பு என்று மனதுக்குள் ஒரு முள் குத்தியது. எசன் நகரில் அண்ணன் வீட்டில் சோறும் மீன்குழம்பும் தின்னும்போது அண்ணனிடம் மெல்லக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அவள் உனக்குச் சொல்லேல்லையோ தங்கச்சி? அப்ப நானும் சொல்லமாட்டன். நீயே போய்ப் பார்."

வெள்ளிக்கிழமை ரெஜினா தன் இடத்துக்குக் கூட்டிப் போனாள். மூன்ஸ்டர் பக்கத்தில் ஒரு கிராமம். ரயிலில் என்னை யன்னலோரம் இருத்திவிட்டு, டிக்கெட்டில் முத்திரை குத்த மறந்துபோனேன் என்று மேடையிலிருந்த முத்திரைப் பெட்டிக்கு இறங்கி ஓடினாள். கதவு மூடிக்கொண்டது. ரயில் வெளிக்கிட்டது. மகள் வெளியே கையை ஆட்டி ஓடி வருகிறாள், நான் உள்ளே "இயேசுவே, இயேசுவே" என்கிறேன். எதிரே நாயோடு இருந்த ஓர் அம்மா எழுந்து வந்து என் தோளில் கைவைத்தா. அடுத்த நிலையத்தில் என்னையும் பையையும் இறக்கி, தானும் இறங்கி, மேடையில் கிடந்த வாங்கில் என் பக்கத்தில் இருந்தா. தன்னுடைய பயணத்தை எனக்காக விட்ட மனுசி.

பையிலிருந்து பாண் எடுத்து நீட்டினா. நடுவே இறைச்சி. வெள்ளிக்கிழமை நான் இறைச்சி தொடமாட்டேன். எப்படிச் சொல்வது? திங்களிலிருந்து எண்ணி ஐந்து விரலைக் காட்டினேன், சிலுவை போட்டேன். அவ தன் நெற்றியில் அடித்துக்கொண்டு, இறைச்சியை உருவி நாய்க்குப் போட்டுவிட்டு, வெண்ணெய்ப் பாணை மட்டும் தந்தா. தானும் சிலுவை போட்டா. ரெஜினா அடுத்த ரயிலில் அழுதுகொண்டு வந்து இறங்கும்போது நாங்கள் இருவரும் செபமாலை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாய் எனக்கு நல்ல சிநேகமாகிவிட்டது.

அந்தப் பகுதிப் பாண் வேறு வகை. கறுப்பு, செங்கல் போல் பாரம், மெல்லிய இனிப்பு. சம்பலோடு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விழுங்கத் தண்ணீர் வேண்டும்.

சனிக்கிழமை காலை, "என்ரை வேலையிடத்தைப் பாக்க வாறீங்களோ அம்மா?" என்றாள். நல்ல சேலை உடுத்தேன். ஆஸ்பத்திரி மணத்துக்கு என்று ஒரு கைக்குட்டையும் எடுத்துக்கொண்டேன். தோட்டங்களுக்கு நடுவே அரை மணித்தியாலம் நடந்தோம். ஒரு வேலிப் படலையைத் திறந்தாள். கீழே பார்த்தால் பெரிய கிடங்கு, மண் தோண்டியெடுத்த பள்ளம். எங்கள் ஊர்க் குளம் போல் இரண்டு மடங்கு. கரை நெடுக மண் கும்பி, கல் கும்பி. ஒரு பக்கம் வலை வலையாக அரிக்கிற இயந்திரம்.

பக்கத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லில் இருந்துவிட்டேன்.

"இஞ்சயும் மண்ணோடி? இதுக்கோ உன்னை என்ரை நெஞ்சிலையிருந்து பிரிச்சு அனுப்பினனான்?"

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ..."

"ஊருக்கு ரத்தம் சோதிக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டனே!"

"நான் ரத்தம் எண்டு எப்பவாவது எழுதினனானோ? நீங்களே பூசி மெழுகிப்போட்டு என்னைப் பேசிறியள்." சிரித்துக்கொண்டு என் முன்னால் குந்தினாள். "சரி, இதைக் கேளுங்கோ. நீங்கள் ஏறி இருக்கிற கல்லு ஸ்வீடனிலையிருந்து வந்தது."

"ஆர் கொண்டந்தது?"

"பனி."

மகள் என்னைப் பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. வெகு காலத்துக்கு முன் வடக்கே பனி விழுந்து விழுந்து, உருகாமல் மலைபோல் ஏறி, தன் பாரத்தாலேயே நகர்ந்து, கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்ததாம். வழியில் இருந்த பாறையெல்லாம் உடைத்து இழுத்துக்கொண்டு வந்ததாம். பிறகு உருகத் தொடங்கியபோது, பனிக்கு அடியிலிருந்து பாய்ந்த வெள்ளம் கல்லையும் மண்ணையும் ஒரு நீள வரப்பாகப் போட்டுவிட்டுப் போனது. அந்த வரப்பு இந்தக் கிராமத்திலிருந்து கண்ணுக்கெட்டாத தூரம் வரை தரைக்குள்ளே ஓடுகிறது.

"நோவாவின்ரை வெள்ளமோ?"

"அதுக்கும் முந்தி எண்டு சொல்லுகினம்."

"அப்ப கடவுள் அப்பவே வேலையிலை இருந்திருக்கிறார்" என்றேன்.

கிடங்கின் சுவரைக் காட்டினாள். மெல்லிய மண் ஒரு வரி, அதன்மேல் கூழாங்கல் ஒரு வரி, மறுபடி மெல்லிய மண். "வெள்ளம் வேகமா வந்தா கல்லு விழும். அடங்கினா மண் விழும்" என்றாள். அது எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. மாரியில் அருவியாறு செய்கிற வேலைதான். பாரமானது முதலில், லேசானது பிறகு. எழுந்து போய்ச் சுவரைத் தொட்டேன். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தேன். கறை பிடிக்கவில்லை. பழக்கதோஷம், நுனி நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை. கடற்கரை ஊரில் மண் வாங்குகிற எவரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இப்படி ஒரு மண் என் வலையில் ஒரு நாளும் விழுந்ததில்லை. எங்களுக்கு முன்னமே ஆண்டவர் அரித்து வைத்த மண்.

"நல்ல மண்ணடி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதுதான் விசயத்தைச் சொன்னாள். அந்தக் கிடங்கின் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர் ப்ரூக்மான் என்ற வயதான மனுசன். ஒரு நாளைக்கு நாலு வசனம்தான் கதைப்பாராம். அதில் ஒன்று காலை வணக்கமாம். பயிற்சி முடிக்கிறவர்களுக்கு அவர் தன் பாட்டில் ஒரு சோதனை வைப்பார். கிடங்கில் தானே போய் மண் அள்ளி வந்து மேசையில் வைப்பார். மூன்று நாளில் அந்த மண்ணைப் பற்றி எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால் நிரந்தர வேலைக்குக் கையெழுத்து. இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். வேலை இல்லாவிட்டால் அவளுடைய விசாவும் இழுபறி.

"நாளைக்குத் தொடங்குது அம்மா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"மடுமாதா பாத்துக்கொள்ளுவா" என்றேன்.

திங்கட்கிழமை என்னையும் கூட்டிப் போனாள். ப்ரூக்மான் என் கையைக் குலுக்கி, மூலையில் ஒரு கதிரை காட்டினார். அன்றைய அவருடைய வசனங்களில் ஒன்று எனக்குக் கிடைத்தது. ஆய்வுகூடம் என்றது எங்கள் சமையலறை அளவு. தட்டத்தில் மண். அடுக்கி வைத்த வட்ட அரிதட்டுகள், மேலே பெரிய கண், கீழே போகப் போகச் சின்னக் கண். மகள் மண்ணை மேலே கொட்டி ஓர் இயந்திரத்தில் பூட்டினாள். அது தானே குலுக்கி அரித்தது. பதினாறு வருடம் என் இடுப்பு செய்த வேலையை அது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் முடித்தது. ஒவ்வொரு தட்டிலும் நின்ற மண்ணை அவள் நிறுத்து எழுதினாள்.

பிறகு ஒரு நீளக் கண்ணாடிக் குழாயை எடுத்து, மூன்று தரம் கழுவி, அதில் மண் போட்டாள். "இதுக்குள்ளை ஒரு மருந்துத் தண்ணி விட்டு ஒரு நாள் வைப்பன். உக்கின இலை, வேர் ஏதும் மண்ணிலை இருந்தா நிறம் மாறும். அப்பிடி மண்ணிலை கொங்கிறீட் போட்டா இறுகாது" என்று சொல்லிவிட்டு, மருந்துத் தண்ணீர் எடுக்க அடுத்த அறைக்குப் போனாள். ப்ரூக்மான் வெளியே லொறிக்காரரோடு நின்றார்.

நானும் அந்தக் குழாயும் தனியே.

அத்திவாரத்தில் போடுகிற மண்தானே. என் பிள்ளையின் வாழ்க்கைக்கு அத்திவாரம் இதுதானே. கைப்பையிலிருந்து போத்தலை எடுத்தேன். பிதாவின் பெயரால் ஒரு சிட்டிகை, சுதனின் பெயரால் ஒரு சிட்டிகை, பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரு சிட்டிகை. போத்தலை மூடி, கதிரையில் வந்து இருந்து, கண்ணை மூடிக்கொண்டேன். அவள் வந்து தண்ணீரை விட்டு, குலுக்கி, யன்னலோரம் வைத்தாள். என் மனது நிறைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை போனால் குழாயில் தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறம்.

ரெஜினா அதன் முன்னால் அசையாமல் நின்றாள். ப்ரூக்மான் வந்தார், பார்த்தார், மீசையைத் தடவினார். கிடங்கிலேயே சுத்தமான வரியிலிருந்து தான் அள்ளிய மண், அவருக்குத் தெரியாதா! இருவரும் பேசியதையெல்லாம் பிறகு மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இந்த மண் இப்படி மாறாது. நீ குழாயைச் சரியாகக் கழுவவில்லை."

"மூன்று தரம் கழுவினேன்."

"அப்படியென்றால் இது என்ன?"

"தெரியாது. ஆனால் கண்ட நிறத்தைத்தான் எழுதுவேன்."

அவள் எழுதினாள். எனக்கு மொழி விளங்கவில்லை. பிள்ளையின் காது சிவந்தது விளங்கியது. அந்த நிறமும் எனக்குத் தெரியும். மழை நாளில் மடு வளவில் தேங்குகிற தண்ணீரின் நிறம். காட்டு மரத்தின் இலையெல்லாம் உக்கிய மண் அது. நான் போட்டது அவளுக்கு எதிராகவே போய்விட்டது.

சொன்னால் மகளுக்கு வெட்கம். ஆய்வுகூடத்துக்குள் தாயைக் கூட்டி வந்தது அவள் பிழை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் கழுவத் தெரியாதவள் என்ற பெயர். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மாதாவுக்கு ஒரு முழு அருள் நிறை மந்திரம் சொல்ல என்னால் முடியவில்லை. பாதியில் பாதியில் நின்றது.

அதற்குள் ரெஜினா குழாயிலிருந்த மண்ணைக் கழுவி எடுத்து, ஒரு கண்ணாடித் தட்டில் பரப்பி, உருப்பெருக்கியால் பார்த்தாள். ஒரு குச்சியால் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வெகு நேரம். ப்ரூக்மான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் சிவந்த மணிகள் கொஞ்சத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, மயிர்போல் ஒரு வேரையும் வைத்து, நிமிர்ந்தாள்.

"இது பனி கொண்டுவந்த மண் இல்லை. இந்தக் கிடங்கிலேயே இது கிடையாது. வெளியிலிருந்து வந்திருக்கிறது."

அவளுடைய கை காட்டிய இடத்தைப் பார்த்தேன். என் கால் தானே எழுந்தது. போத்தலைக் கொண்டுபோய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நான்தான் பிள்ளை. மடு மண். ஆசீர்வாதத்துக்குப் போட்டனான்."

"அம்மா!"

"மூண்டே மூண்டு சிட்டிகைதான்."

"ஐயோ அம்மா, சோதனைக் குழாய்க்குள்ளையோ! நெத்தியிலை பூசியிருக்கக் கூடாதோ?"

ப்ரூக்மானுக்கு அவள் சொல்லச் சொல்ல, அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போத்தலைத் திறந்து கொஞ்சம் தட்டில் கொட்டி, தானே உருப்பெருக்கியில் குனிந்தார். இந்த மணியைப் பார்த்தார், அந்த மணியைப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி ஏதோ கேட்டார். உன்னுடைய அம்மா என்ன வேலை செய்கிறவ என்று கேட்டாராம்.

ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பத்து வருடத்துக்கு முன் நான் சொல்லியனுப்பியது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். ஆனாலும் மறைக்கவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னாள். நான்கைந்து வசனம். நடுவே அவளுடைய இரண்டு கையும் மண்வெட்டி பிடித்து எறிவது போல் போய் வந்தன. அது என் கை. நான் எறிகிற விதம். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்துவதுகூட அப்படியே. மன்னாரில் என் காலடியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அதைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

"என்னடி சொன்னனீ?"

"என்ரை அம்மா பதினாறு வருசம் மண் அரிச்சவ எண்டு சொன்னனான். அந்த மண்ணாலைதான் நான் இஞ்ச நிக்கிறன் எண்டும் சொன்னனான்."

ப்ரூக்மான் வந்து என் கையைப் பிடித்தார். முதல் நாள் மாதிரிக் குலுக்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பி, தேய்ந்துபோன காய்ப்பைத் தன் பெருவிரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். அதன்பின் மகளிடம் திரும்பி, குழாயை மறுபடி கழுவி, புது மண் போட்டு, முதலிலிருந்து செய் என்றார். என் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

வெளியே குளிர். லொறிக்காரர்கள் போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள். கதை அதற்குள் கிடங்கு முழுக்கப் பரவிவிட்டது. ஒருவன் தன் லொறிச் சில்லைக் காட்டி, அதற்கும் கொஞ்சம் போடச் சொல்லி விரலால் காட்டினான். ப்ரூக்மான் ஒரு கோப்பை கோப்பி கொண்டுவந்து தந்துவிட்டுக் கதவை மூடினார்.

புதன்கிழமை குழாயில் தண்ணீர் ஊற்றுத் தண்ணீர்போல் தெளிவு. நான் கண்ணாடி யன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ரெஜினா எழுதி முடித்ததும் ப்ரூக்மான் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாசித்துவிட்டு ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

"வேலை கிடைச்சிட்டுது அம்மா! கையெழுத்துக்குக் கீழை நேற்றையத் தேதி போட்டிருக்கு. நிறம் தெளிய முந்தியே வைச்சிருக்கிறார்!"

"ஏனாம்?"

"கேட்டனான். கண்ட நிறத்தைத்தானே எழுதினாய் எண்டார். அவ்வளவுதான்."

என் மடு மண்ணை அவர் திருப்பித் தரவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டார். சுவர்த் தட்டில் எத்தனையோ கிடங்குகளின் மண் கண்ணாடிச் சாடிகளில் இருந்தது. ஒரு வெறும் சாடி எடுத்து, மிச்சத்தைக் கொட்டி, ரெஜினாவிடம் பேனையைக் கொடுத்தார். அவள் ஜெர்மன் எழுத்தில் மடு என்று எழுதி, அதற்குக் கீழே தமிழிலும் எழுதினாள். இப்போது அது ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதா என் செபத்தைக் கேட்கவில்லை என்று யாரும் சொல்லட்டும் பார்க்கலாம்.

இன்னும் இரண்டு கிழமை இருந்தேன். சீனி வருத்தக்கார அக்காவுக்கு என்ன சொல்வது என்று விமானத்தில் யோசித்தேன். உள்ளதையே சொல்வோம் என்று முடிவு செய்தேன்.

கட்டுநாயக்காவில் இறங்குமுன் மறுபடி அந்த அட்டை. பக்கத்து இருக்கையில் கண்ணாடி போட்ட ஒரு தம்பி, நான் பேனையோடு இருப்பதைக் கண்டு, "தெரியாட்டி வீட்டுப்பணி எண்டு போடுங்கோ அம்மா" என்றார்.

"இல்லைத் தம்பி, எனக்குத் தொழில் இருக்கு" என்றேன்.

மண் அரித்தல் என்று எழுதினேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டேன். கோட்டுக்கு வெளியே போய்விட்டது. முத்திரை குத்துகிறவர் அதை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. குத்தித் தந்துவிட்டார்.